ஹைப்பாக்ஸியாவுக்குத் தமிழ்ச் சொல்: "குறைபாடு" வேண்டாமே

வணக்கம். உடலுக்கோ செல்லுக்கோ கிடைக்கும் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்திருக்கும் நிலைதான் ஹைப்பாக்ஸியா. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் இப்படி ஒரு கேள்வி வந்தது:

> "உயிர்வளிக் குறைபாடு" என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

மூச்சுத் திணறலோடு வந்த நோயாளியைப் பற்றி எழுதும்போது வைத்துக்கொள்ளலாம், மறுப்பில்லை. ஆனால் நாம் சொல் தேடுவது கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை)க் குருத்தெலும்பாக வளர்க்கும் கட்டுரைக்கு. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாயே கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருகிற உயிர்வளியைத்தான் அது பெரும்பாலும் நம்பியிருக்கிறது, அதுவும் ஆழத்துக்குப் போகப்போக 1 முதல் 5 சதவீதம் என்கிற அளவுக்கு இறங்கிவிடும். அந்தச் செல்களுக்கு அதுதான் இயல்பு, அதைப் போய்க் குறைபாடு என்றால் எப்படி? இன்னொரு வேடிக்கை, வெளிக்காற்றின் 21 சதவீதத்தில் வளர்ப்பதை நார்மாக்ஸியா, அதாவது இயல்பான உயிர்வளி நிலை, என்கிறார்கள். மூட்டுக்குள் எந்தச் செல்லும் அந்த அளவைக் கண்டதில்லை. அதற்கு "இயல்வளி" என்று சொல் செய்யாமல் "காற்றளவு உயிர்வளி" என்று உள்ளதைச் சொல்லிவிடலாம்.

அப்புறம், இங்கே உயிர்வளி குறைவது செல்லுக்குக் கிடைக்கும் ஒரு சேதி. உயிர்வளி தாராளமாக இருந்தால் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் உண்டாக உண்டாகவே அழிகிறது: ஒரு நொதி உயிர்வளியைக் கொண்டே அதன்மேல் ஹைட்ராக்சில் முத்திரை குத்தும், முத்திரை விழுந்ததைச் செல் சிதைத்துவிடும். உயிர்வளி இறங்கும்போது முத்திரை விழுவதில்லை, புரதம் தப்பித்து உட்கருவுக்குப் போய் மரபணுக்களை முடுக்குகிறது, செல்லைக் குருத்தெலும்பாக மாறத் தூண்டும் சாக்ஸ்-9 என்ற புரதம் வலுக்கிறது, குருத்தெலும்பின் கட்டுமானப் பொருள்களான இரண்டாம் வகைக் கொலாஜனும் அக்ரிகனும் சேரத் தொடங்குகின்றன. (இந்த உயிர்வளி உணரும் பொறிமுறைக்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019 நோபல்.) எல்லா ஆய்விலும் பலன் ஒரே மாதிரி வரவில்லை என்பது வேறு கதை.

என் பரிந்துரை "தாழ்வளி". முதல் இடத்தில் மட்டும் "தாழ் உயிர்வளி நிலை" என்று விரித்து எழுதிவிட்டால் வானிலை அறிக்கையோ என்ற குழப்பம் வராது. "தாழ்வளி வளர்ப்பு", "தாழ்வளியில் வைத்த செல்கள்" என்று ஒட்டவும் வசதி. அறவே இல்லாத அனாக்ஸியாவுக்கு "உயிர்வளியின்மை" தனியாக இருக்கட்டும்.

ஸ்டெம் செல்லுக்குக் "குருத்தணு" நல்ல சொல்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் வேண்டாம். "கொழுப்புக் குருத்தணுக்களின் குருத்தெலும்பாக்கம்" என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள், குருத்தணு என்பதே குருத்தெலும்பின் அணு என்றுதான் படிப்பவர் நினைப்பார். இலங்கைப் பாடநூல்களில் குருத்தெலும்புக்குக் "கசியிழையம்" என்று உண்டு, அதை எடுத்துக்கொண்டால் "கசியிழையாக்கம்" எளிதாகக் கிடைக்கும், குருத்தணுவையும் கைவிட வேண்டியதில்லை. தமிழகத்தில் படித்தவர்களுக்கு அது புதிதாகப் படும் என்றால் குருத்தெலும்பை அப்படியே விட்டு, ஸ்டெம் செல்லுக்கு "மூலச்செல்" என்று போகலாம். எனக்குக் கசியிழையம்தான் பிடித்திருக்கிறது.

எந்தச் சொல்லை எடுத்தாலும் பக்கத்தில் எண் வேண்டும். இந்தச் செல்களைக் குழாயில் சுழற்றி அடியில் சிறு உருண்டையாகத் திரட்டி வளர்ப்பார்கள். வெளியே காற்றளவு இருந்தாலும் உருண்டையின் நடுவில் இருக்கும் செல்லுக்கு எட்டுவது குறைவுதான். ஆகவே வெறும் "தாழ்வளி" போதாது, "5 சதவீதத் தாழ்வளி" என்று செல் வளர்க்கும் பெட்டியில் வைத்த அளவையும் சேர்த்தே எழுதுவோம். கசியிழையம் பற்றி இலங்கை நண்பர்கள் யாராவது சொல்லுங்களேன்.