ஓவியரின் முகம் அச்சில் ஏறியதால் அவருடைய மதிப்பு உயர்ந்ததா?

கேள்வி – அச்சோவிய மாணவி, சென்னை:
வணக்கம். 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓவியர்களின் உருவப்படங்களைச் செப்புத் தகட்டில் வெட்டி, அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். கைவினைஞராகவே கருதப்பட்ட ஓவியர் கற்றோருக்கும் பிரபுக்களுக்கும் இணையாக மதிக்கப்பட இந்தப் படங்கள் உண்மையிலேயே உதவினவா, அல்லது ஏற்கெனவே புகழ்பெற்றவர்களின் முகங்கள்தாம் விற்பனைக்கு வந்தனவா? ரவி வர்மாவின் அச்சகத்தை இதனோடு ஒப்பிடலாமா?

மறுமொழி – செப்புத்தகடு:
உதவின என்றே உறுதியாகச் சொல்வேன். 1572இல் ஆண்ட்வெர்ப்பில், காலஞ்சென்ற பதிப்பாளர் ஹிரோனிமஸ் கோக்கின் மனைவி, நெதர்லாந்து ஓவியர்கள் 23 பேரின் உருவப்படங்களை லத்தீன் செய்யுள்களுடன் வெளியிட்டார். புலவர் பாடும் தகுதி ஓவியருக்கும் உண்டு என்பதை அந்தத் தொகுப்பே அறிவித்துவிட்டது.

ஃபிளாண்டர்ஸ் ஓவியர் வான் டைக் இன்னும் துணிவாகச் சென்றார். 1630களில் அவர் உருவாக்கிய ‘ஐகனோகிராஃபி’ என்னும் அச்சு உருவப்பட வரிசையில் அரச குலத்தினர், படைத்தலைவர்கள், அறிஞர்கள் ஆகியோரோடு ஓவியர்களும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே அமைப்பில் இடம்பெற்றார்கள். பெரும்பாலான ஓவியர்களின் கையில் தூரிகை இல்லை. மேலங்கியும் நிமிர்ந்த பார்வையுமாக, பிரபுக்களைப் போலவே நிற்கிறார்கள். சில தகடுகளில் வான் டைக்கே எட்சிங் (அமிலத்தால் கோடுகளை அரிக்கச் செய்யும் முறை) செய்தார்; மற்றவற்றைப் போன்டியுஸ், வோர்ஸ்டர்மான் முதலிய தேர்ந்த கலைஞர்கள் வெட்டினார்கள். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்க முடிந்ததால், ஓவியரை நேரில் காணாத ஊர்களிலும் அவருடைய முகமும் பெயரும் சேர்ந்தே அறிமுகமாயின.

மறுமொழி – பழம்படம்:
தங்கள் இரண்டாவது ஐயத்திலும் உண்மை இருக்கிறது. வான் டைக் 1632இலேயே இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரிடம் ‘சர்’ பட்டம் பெற்றுவிட்டார். அந்த வரிசையால் கூடுதல் பயன் பெற்றவர்கள், அவ்வளவாக அறியப்படாத அவருடைய சக ஓவியர்களே என்று நினைக்கிறேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பிறரை நம்பியிருக்கவில்லை. 1639இல் தாமே செய்த எட்சிங்கில், இத்தாலிய ஓவியர்களான ரஃபேலும் டிஷியனும் வரைந்த உருவப்படங்களின் தோரணையில், கல் விளிம்பின்மேல் கை ஊன்றித் தம்மைக் காட்டிக்கொண்டார்.

மறுமொழி – எழும்பூர்வாசி:
ரவி வர்மாவை ஒப்பிடலாம். ஆனால் வேறுபாடு பெரிது. 1873 சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்று, அரச குடும்பங்களுக்கு உருவப்படங்கள் வரைந்து, அவர் முன்பே உயர்ந்திருந்தார். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பரப்பியது அவருடைய முகத்தை அன்று, லட்சுமியையும் சரசுவதியையும்தான். அரண்மனைக்குள் இருந்த அவருடைய பெயரைச் சாதாரண வீட்டுப் பூசையறை வரை கொண்டுசென்றவை அந்த வண்ண லித்தோ (கல்லச்சு) படங்களே.