'ஃப்யூ', 'லிட்டில்' ஆகியவற்றுக்கு 'அருகலடை': ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று, அப்பெயர் குறிக்கும் பொருள் குறைந்த அளவிலேயே உள்ளது என உணர்த்தும் 'ஃப்யூ' (few), 'லிட்டில்' (little) போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு, நம் ஆங்கில இலக்கணப் பாடநூலில் வைக்கத்தக்க தமிழ்க் கலைச்சொல்லாகப் 'பற்றாக்குறை அடை', 'சின்மையடை', 'குறைவடை' என மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அவற்றுள் முதலாவதை ஏற்றுக்கொண்டால் பாடநூலில் பொருட்பிழையே நேர்ந்துவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மாணவரின் கட்டுரையில் 'ஃப்யூ மிஸ்டேக்ஸ்' என்று ஆசிரியர் எழுதினால் அது பாராட்டு. பிழைகள் போதவில்லையே என்று அங்கே எவரும் வருந்துவதில்லை. பற்றாக்குறை என்பதற்கு ஒரு தேவையும், அத்தேவையை எட்டாத ஓர் இருப்பும் வேண்டும். 'ஃப்யூ' என்ற சொல்லில் தேவை பற்றிய குறிப்பே இல்லை. எதிர்பார்த்த அளவையோ இயல்பான அளவையோ நோக்க இது குறைவு என்னும் மதிப்பீடு மட்டுமே அதில் உள்ளது. தேவையை உள்ளடக்கியவை 'டூ ஃப்யூ', 'டூ லிட்டில்', 'நாட் இனஃப்' போன்ற தொடர்கள்தாம். 'ஃப்யூ பட் இனஃப்' என்று ஆங்கிலத்தில் முரணின்றிச் சொல்ல முடியும். 'டூ ஃப்யூ பட் இனஃப்' என்றால் ஒரே நோக்கத்தை வைத்துச் சொல்லும்போது அது தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும். ஆகவே குறைவு வேறு, போதாமை வேறு என்று பிரித்து இரண்டு பெயர்கள் வைப்பதே முறை. பின்னதற்குப் 'போதாமைத் தொடர்' என்பது போதும். அது ஒற்றைச் சொல்லன்று, தொடர் என்பதையும் அப்பெயரே தெரிவித்துவிடுகிறது.

இனி முன்னதற்கு வருவோம். இங்கே உண்மையான சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. இருபது பேருக்கு அழைப்பு அனுப்பி மூவர் வந்திருந்தால் 'ஃப்யூ கேம்' என்றும் சொல்லலாம், 'அ ஃப்யூ கேம்' என்றும் சொல்லலாம். வந்தவர் அதே மூவர்தாம். முன்னது வராதவர்களின் பக்கம் நம்மைத் திருப்புகிறது, பின்னது வந்தவர்களைக் காட்டுகிறது. மொழியியலாளர் எட்வர்ட் கிளைமா 1964-இல் ஆங்கில எதிர்மறை பற்றி எழுதிய கட்டுரையில் 'ஃப்யூ' போன்ற சொற்கள் 'நாட்' இல்லாமலே எதிர்மறைத் தொடருக்குரிய நடத்தையைக் காட்டுவதை விரிவாக விளக்கினார். 'ஃப்யூ பீப்பிள் கேம்' என்ற வாக்கியத்தின் இறுதியில் சேர்க்கும் வினா 'டிட் தே' என்றே வரும். எதிர்மறைச் சூழலில் தயக்கமின்றி வரும் 'எனி', 'எவர்' என்ற சொற்களும் இதனோடு இணங்கி நிற்கும். 'அ ஃப்யூ' என்று மாற்றினால் இந்த இயல்புகள் மறைந்துவிடுகின்றன. பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழக உளவியலாளர்களான மாக்ஸியும் சான்ஃபர்டும், இத்தகைய வாக்கியங்களைக் கொடுத்து 'அவர்கள்' என்று தொடரச் சொன்னபோது, 'ஃப்யூ'வுக்குப் பின் பலரும் அச்செயலைச் செய்யாதவர்களைப் பற்றியே எழுதும் போக்கைக் கண்டனர்.

சொல்லப்படாமல் எஞ்சி நிற்பதைக் கேட்போர் மனத்துக்குக் கொண்டுவரும் இந்த வேலைக்கு நம் இலக்கணத்தில் அண்டை வீடு ஒன்று உண்டு. 'மன்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள்களுள் ஒன்றான ஒழியிசையை, அதாவது சொல்லாது ஒழிந்த பொருளைக் குறிப்பால் உணர்த்துவதைத்தான் சொல்கிறேன். இரண்டும் ஒன்றே என்று வாதிடவில்லை. 'மன்' ஒழித்துவிடுவது வாக்கியப் பொருளின் ஒரு பகுதியை, 'ஃப்யூ' ஒழித்துவிடுவது தொகுதியின் ஒரு பகுதியை. ஆனாலும் மாணவருக்கு விளக்க இதைவிட நெருங்கிய கருத்து எனக்குத் தெரியவில்லை.

தமிழில் இதே வேறுபாட்டைச் சொல்லின் இடமும் ஏகாரமும் காட்டுகின்றன. 'சிலர் வந்தனர்' என்றால் வருகை உறுதியாகிறது. 'வந்தவர் சிலர்', 'வந்தவர் சிலரே' என்று பயனிலையாக்கினால் குறைவு முன்னுக்கு வருகிறது. 'இலர்பல ராகிய காரணம் நோற்பார் சிலர்பலர் நோலா தவர்' என்ற குறளில் நோற்பார்க்குப் பயனிலையாக வரும் 'சிலர்' ஆங்கிலத்தின் 'ஃப்யூ'வேதான். நோலாதவர் பலர் என்று எஞ்சியோரையும் அக்குறளே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. எனவே 'ஃப்யூ'வுக்குச் 'சில' என்றும், 'அ ஃப்யூ'வுக்கு 'ஒரு சில' என்றும் இணை வைப்பது பொருந்தாது. ஆங்கிலத்தில் 'அ' சேர்ந்தால் குறைவுணர்ச்சி நீங்குகிறது, தமிழில் 'ஒரு' சேர்ந்தால் பெரும்பாலும் அது கூடுகிறது. ('க்வைட் அ ஃப்யூ' என்றால் கணிசமானோர் என்றே பொருள் என்பதை மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனியே எச்சரிக்க வேண்டும்.)

சின்மையடை இதனால் மட்டும் தடைப்படவில்லை. பன்மை என்பது எண் என்னும் இலக்கணக் கூறுக்கு நிலைத்துவிட்ட பெயராதலால், அதன் எதிரிணையான சின்மையையும் படிப்போர் எண் சார்ந்ததாகவே கொள்வர். அரபு மொழியில் மூன்று முதல் பத்து வரையிலான எண்ணிக்கைக்கு உரியதாக இலக்கணிகள் கூறும் தனிப் பன்மை வடிவங்கள் உள்ளன. ஃபிஜி மொழியின் பதிலிடு பெயர்களில் ஒருமை, இருமை, பன்மை ஆகியவற்றோடு சிலரைக் குறிக்கும் வடிவமும் உண்டு. அந்த எண் வகைக்குச் 'சின்மை' அளந்து தைத்த சட்டை போல் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிடலாகாது. 'குறைவடை'யில் இத்தகைய கேடு இல்லை என்றாலும், 'ஃப்யூவர்', 'லெஸ்' என்னும் ஒப்பீட்டு வடிவங்களுக்கு அச்சொல் தேவைப்படும்.

என் பரிந்துரை 'அருகலடை'. ஒரு வழக்கு குறைவாகவே காணப்படும்போது 'அருகி வரும்' என்று நம் உரையாசிரியர்கள் எழுதுவர். அதில் குறைவும் மதிப்பீடும் இருக்கின்றன, பற்றாமை இல்லை. 'அருகில்' என்பதோடு மயங்காதா என்று கேட்கலாம். 'அருகிவரும் உயிரினங்கள்' என்று நாளிதழ்கள் எழுதுவதை எவரும் பக்கத்தில் வரும் விலங்குகள் என்று படிப்பதில்லை. 'அடை'யும் வேண்டுமென்றே வைத்ததுதான். அமெரிக்க மொழியியலாளர் புளூம்ஃபீல்ட் 1933-இல் தம் நூலில் 'டிடர்மினர்' என்பதை ('தி', 'திஸ்' போல் பெயரை வரையறுக்கும் சொல்லை) பெயரடைக்குள்ளேயே ஓர் உட்பிரிவாகக் காட்டினார்; பின்வந்த இலக்கணிகள் பலர் அதைத் தனி வகையாகவே பிரித்தனர். பெயருக்கு அடையாக வருவன அனைத்தும் பெயரடை அல்ல என்பதை விளக்க, 'அடை' என்ற பொதுச்சொல் இடம் தருகிறது. 'அ ஃப்யூ', 'அ லிட்டில்' இரண்டையும் 'சிற்றளவடை' எனலாம்.

உட்பிரிவுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். 'ஃப்யூ' எண்ணலளவைக்குரிய பெயர்களோடும், 'லிட்டில்' எடுத்தல், முகத்தல் அளவைகளுக்குரிய பெயர்களோடும் நேரம் போன்ற கருத்துப் பெயர்களோடும் வரும் என்று, ஆகுபெயர்ப் பாடத்தில் பயின்ற சொற்களைக் கொண்டே எழுதிவிடலாம். 'லிட்டில் டைம்' என்பதில் உள்ளது அருகலடை, 'லிட்டில் பாய்' என்பதில் உள்ளது பெயரடை என்ற குறிப்பு மட்டும் தவறாமல் இடம்பெற வேண்டும். 'ஃப்யூவர்', 'லெஸ்' பற்றிய சண்டையை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. எண்ணத்தக்க பெயரோடு 'லெஸ்' வேண்டாம் என்ற விதிக்கு மூலமே ராபர்ட் பேக்கர் என்ற எழுத்தாளர் 1770-இல் தம் விருப்பமாகச் சொன்ன கருத்துதான்.

ஓர் இடம் இன்னும் தீரவில்லை. 'தி ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் ஹீ ஹேட்' என்பதில் 'தி'க்குப் பின் வரும் 'ஃப்யூ' குறைவைக் காட்டுகிறதே தவிர மேற்கூறிய எதிர்மறை நடத்தையைக் காட்டுவதில்லை. அதை அருகலடையின் பாற்படுத்துவதா, பெயரடையோடு சேர்ப்பதா? பின்னதன் பக்கமே சாய்கிறேன். குறைவைக் குறிக்கும் 'ஸ்கேர்ஸ்', 'ஸ்கான்ட்' இரண்டையும் எதிர்ப்பின்றிப் பெயரடையில் விட்டுவிடலாம் என்று கருதுகிறேன். 'ஹார்ட்லி எனி' என்ற தொடரை எங்கே சேர்ப்பது என்பது பற்றிக் கருத்து உள்ளவர்கள் எடுத்துக்காட்டுகளோடு எழுதுங்கள்.