பெல்ஹவுசிங்கில் ஆயில் சொட்டுகிறது, கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா? (1990 யூனோஸ் ரோட்ஸ்டர்)

தலைக்குமேல்_வானம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன். போன செப்டம்பரில் ஒரு 1990 யூனோஸ் ரோட்ஸ்டர் வாங்கினேன், அதாவது ஜப்பானிலிருந்து இறக்குமதியாகி வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 இன்ஜின், சிவப்பு, முகப்பு விளக்கு கண்விழிப்பது போல மேலே எழும்பும் அந்த மாடல். எத்தனையோ வருட ஆசை. இப்போது அது தினமும் காலையில் என் வீட்டு வாசலில் கருப்புக் கோலம் போட்டு வைக்கிறது.

கார் நிற்கும் இடத்தில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல்ஹவுசிங்குக்கு நேர் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். வாரத்துக்கு டிப்ஸ்டிக்கில் கொஞ்சம் இறங்குகிறது. பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். லிஃப்ட்டில் தூக்கி, கீழிருந்து டார்ச் அடித்து, இரண்டே நிமிடத்தில் "ரியர் மெயின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும், இறக்குகிற கையோடு கிளட்சையும் மாற்றிவிடலாம், 850 பவுண்டு" என்றார்கள். (இன்ஜினின் முக்கிய சுழல் தண்டு பின்பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் ரியர் மெயின் சீல்.) காரையே 3,200-க்குத்தான் வாங்கினேன்!

என்னிடம் ஒரு சாக்கெட் செட், ஒரு டிராலி ஜாக், இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு இருக்கின்றன. மதுரையில் இருந்தவரை என் ஸ்ப்ளெண்டருக்குச் செயின், பிளக், கிளட்ச் கேபிள் எல்லாம் நானேதான் மாற்றுவேன். இங்கே பழைய காருக்கு பிரேக் பேடு போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் அனுபவம். இந்த சீல் வேலையை வீட்டு வாசலில் வைத்துச் செய்ய முடியுமா? மார்ச்சில் எம்ஓடி (இங்கே கார்களுக்கான கட்டாய வருடாந்திரச் சோதனை) வருகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கினால் எடை குறைந்த ஃப்ளைவீல் (இன்ஜின் சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரம்) போடு, அப்படியே காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), அடுத்த வருடம் டர்போ என்று நண்பன் ஒருவன் ஆசை காட்டுகிறான். இதெல்லாம் சரிப்படுமா?

---

சாவி12

கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். 850-ஐ பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தது ஒரு வாரத்துக்கு.

முதலில் அந்த ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் என்றால் கந்தக வாடை வரும், மூக்குக்கு அருகே கொண்டுபோகவே பிடிக்காது. அந்த வாடை இல்லையென்றால் இன்ஜின் ஆயில். டிப்ஸ்டிக்கில் குறைகிறது என்கிறீர்கள், அப்படியானால் அநேகமாக இதுதான்.

அடுத்து பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதி) பின்பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஒட்டிய இடுக்கில், டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். அங்கே கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்வது, ஹெட்டுக்குள் செருகி நிற்கும், ஒரே ஒரு போல்ட், 12-ஆம் நம்பர் ஸ்பேனர். அதைச் சுற்றி ஒரு ரப்பர் ஓ-ரிங். முப்பது வருடச் சூட்டில் அது ரப்பராக இருக்காது, பிளாஸ்டிக் வளையல் மாதிரி ஆகியிருக்கும். அங்கே கசிகிற ஆயில் ஹெட்டின் முதுகில் வழிந்து, பிளாக்கின் முதுகில் வழிந்து, பெல்ஹவுசிங் மேல் ஓடி, அடியில் சொட்டும். கீழிருந்து பார்க்கிறவனுக்கு அது அச்சு அசலாக ரியர் மெயின் சீல் கசிவு மாதிரியே தெரியும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு.

ஓ-ரிங் விலை சில பவுண்டுதான். மாஸ்டா பாகமாகவே வாங்குங்கள், கலவை டப்பாவில் "கிட்டத்தட்ட அதே அளவு" என்று ஒன்றை எடுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி இதே இடத்தில் வந்து எழுதுவீர்கள்.

---

ஹாரோ_அண்ணை

தம்பி, சாவி12 சொல்வதுதான் சரி. எனக்கு அது காசு கொடுத்துப் படித்த பாடம். பதினொரு வருடத்துக்கு முன் இதே மாடல், இதே ஒயில், இதே கதை. கராஜ்காரர் கியர்பாக்ஸை இறக்கி, சீல் போட்டு, கிளட்ச் போட்டு, நல்ல பெரிய பில் ஒன்று நீட்டினார். இரண்டாம் நாள் பின்னேரம் வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே சொட்டு. அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, வாகனத்தைக் கீழே நின்று பார்க்கிறவருக்கு மேலே இருப்பது தெரியாது. ஒயில் எப்போதும் மேலிருந்து கீழேதானே வரும்.

ஏன் அந்தச் சென்சார் போயும் போயும் அந்த மூலையில் இருக்கிறது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இந்த என்ஜின் குடும்பம் முதலில் மாஸ்டா 323 போன்ற முன்சக்கர வாகனங்களில் குறுக்காகப் படுத்திருந்தது. ரோட்ஸ்டருக்காக அதை நெடுக்காகத் திருப்பி வைத்தார்கள். அங்கே ஓரமாக, கைக்கு எட்டும்படி இருந்த பக்கம், இங்கே ஃபயர்வாலுக்கு முன்னால் போய் ஒளிந்துகொண்டது. தண்ணீர் போகும் வழியும் அப்படித்தான், தெர்மோஸ்டாட் முன்னால் இருப்பதால் பின் சிலிண்டர்கள் கூடுதலாகச் சூடாகும். ரேஸ் ஓடுகிறவர்கள் அதற்காகவே தண்ணீர்க் குழாயைப் பின்னுக்கு மாற்றிப் போடுவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை, சும்மா கதைக்க வந்ததால் சொல்கிறேன்.

வேலையைச் சொல்கிறேன், இதைக் கவனமாக வாசியுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் அந்த இடத்தை பிரேக் கிளீனர் தெளித்துத் துணியால் நன்றாகத் துடையுங்கள் (பெயின்ற் மேல் படவிட வேண்டாம்), இல்லாவிட்டால் பழைய ஊத்தை முழுவதும் ஹெட்டுக்குள் விழும். பிறகு மிக முக்கியமானது: சென்சாரின் காதும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தச் சென்சாரை இடமோ வலமோ கொஞ்சம் திருப்பினால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) மாறிவிடும். டைமிங் வைப்பதே அதைத் திருப்பித்தான். கோடு போடாமல் கழற்றினீர்கள் என்றால் பிறகு ஸ்ட்ரோப் லைற் (டைமிங் குறியைப் பார்க்க உதவும் மின்னும் விளக்கு) இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. மார்க்கர் பேனா ஒயிலில் அழிந்துவிடும், கூரான ஆணியால் கீறுங்கள்.

வயர் கிளிப்பைக் கழற்றி, போல்ட்டைக் கழற்றி, சென்சாரை இரண்டு பக்கமும் மெல்லத் திருகித் திருகி வெளியே இழுக்க வேண்டும். வராது. ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரூட்ரைவர் வைத்துக் கிண்டினால் அலுமினியம் காயப்பட்டு அதுவே புதுக் கசிவாகும், ஆகவே பொறுமை. எனக்கு நாற்பது நிமிடம் எடுத்தது, அதில் முப்பத்தைந்து நிமிடம் இந்த இழுவைதான். வெளியே வந்ததும் பழைய வளையத்தை வெட்டி எடுத்து, புதியதற்கு என்ஜின் ஒயில் பூசி, திரும்பச் செருகுங்கள். உள்ளே இருக்கும் நாக்கு நடுவிலிருந்து விலகித்தான் செய்யப்பட்டிருக்கிறது, ஒரு பக்கமாக மட்டுமே உட்காரும், அதனால் தலைகீழாகப் போட்டுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

டைமிங் சந்தேகமாக இருந்தால், பானெட்டுக்கு உள்ளே இருக்கும் டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஇஎன் என்ற முனையையும் ஜிஎன்டி என்ற முனையையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு, ஐடிலில் ஸ்ட்ரோப் அடித்துப் பாருங்கள். கம்பனிக் கணக்கு 10 டிகிரி. லைற் என்னிடம் இருக்கிறது, ஹாரோவுக்கு வந்தால் தேத்தண்ணியோடு தருகிறேன்.

---

பழைய_நட்டு

இரண்டு பேரும் ஓ-ரிங்தான் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், மாற்றினேன், நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் டேப்பட் கவர் (ஹெட்டின் மேல்மூடி) கேஸ்கெட்டின் பின்மூலை. அங்கிருந்து கசிந்தாலும் இதே வழியில்தான் கீழே வரும். அந்தக் கேஸ்கெட் மாற்றும்போது கேம் தண்டுக்காக வளைந்த பகுதி நேர்ப்பகுதியோடு சேரும் மூலைகளில் ஒரு பட்டாணி அளவு சிலிகான் வைக்க வேண்டும், வெறும் கேஸ்கெட் போதாது. கவர் போல்ட்டுகள் சின்னவை, டார்க் (முறுக்க வேண்டிய அளவு) மிகக் குறைவு, கையில் பலம் இருக்கிறது என்று முறுக்கினால் போல்ட் உங்கள் கையோடு வந்துவிடும். அப்புறம் அழுதால் ஆகாது.

எனவே முதலில் உறுதி செய்யுங்கள். ஹெட்டின் பின்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு பாத பவுடர் ஸ்ப்ரேயை அந்த இடம் முழுக்க அடித்து வெள்ளையாக்குங்கள். இருபது மைல் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் எந்த இடத்தில் கருப்புக் கோடு ஆரம்பிக்கிறதோ அதுதான் திருடன். இரண்டு இடமும் வெள்ளையாக இருந்து கீழே மட்டும் சொட்டினால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது உண்மை. அப்படியும் நடக்கும்.

அப்படியே ஆனாலும் வாசலில் கியர்பாக்ஸ் இறக்குவதைப் பற்றி யோசிக்காதீர்கள். இந்தக் காரில் கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதையும் அவிழ்க்க வேண்டும், திரும்ப மாட்டும்போது அதன் உயரம் சரியாக வர வேண்டும். இரண்டு ஸ்டாண்டில் முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, மல்லாக்கப் படுத்து நெஞ்சின் மேல் கியர்பாக்ஸை வாங்குவது முதல் வேலையாக இருக்க வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பி எப்போதும் கீழே போகாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் இருக்காது, இருந்தாலும்.

டர்போ பற்றி: உங்கள் 1.6-இன் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ரிங் கியர் 6 அங்குலம். 1994 மாடலில் 1.8 வந்தபோது மாஸ்டாவே அதை 7 அங்குலமாக்கியது. டர்போ போட்டால் முதலில் உடைவது அதுதான், அப்புறம் அதற்கொரு செலவு. 1990 கார் என்பதால் கிராங்க்கின் (இன்ஜினின் முக்கிய சுழல் தண்டு) முனையும் குட்டை ரகம், புல்லியின் முகத்தில் நான்கு பள்ளம் இருந்தால் அதுதான். அந்த ரகத்தில், புல்லி நழுவாமல் பிடிக்கும் சாவித் துண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து டைமிங் ஆடும் நோய் உண்டு. டைமிங் பெல்ட் மாற்றும்போது கிராங்க் முனையிலுள்ள போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு மேல் ஒரு இழை கூட முறுக்கக் கூடாது, குறைவாகவும் விடக் கூடாது. நல்ல செய்தி, இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. வழியில் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

காயில்ஓவர் போட்டால் இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்து விபத்து நடந்தால் கிளெய்மே செல்லாமல் போகலாம். என் பங்குக்குச் சொல்வதென்றால் முதல் அப்கிரேடு நல்ல டயரும் வீல் அலைன்மென்ட்டும்தான். ஆயிரம் கிலோவுக்கும் குறைவான கார், டயர் மாறினாலே வேறு வண்டி மாதிரி இருக்கும்.

---

சாவி12

பவுடர் யோசனைக்கு ஒரு சல்யூட். நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இன்னும் ஓ-ரிங் மேல்தான் கட்டுவேன்.

@தலைக்குமேல்_வானம், அப்படியே ஆயிலும் மாற்றிவிடுங்கள். ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, கையை விட்டுத் தடவித்தான் கழற்ற வேண்டும், கழற்றியதும் ஆயில் முழங்கை வரை வழியும். இந்தக் காரை வடிவமைத்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், இதைத் தவிர.

---

ஹாரோ_அண்ணை

பழைய_நட்டு சொன்னது நியாயம். இன்னொரு விசயம் தம்பி, எம்ஓடி வருகிறது என்றீர்கள். ஒயில் சொட்டுவதைவிட இந்த வாகனங்களைக் கொல்வது துரு. சீற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கூரைத் தண்ணீர் இறங்கும் துவாரங்கள் இருக்கின்றன. இலை குப்பை சேர்ந்து அடைத்தால் தண்ணீர் உள்ளுக்குள் வழிந்து சில்லுக்குள் (சக்கரமில்லை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிப் பகுதி) தங்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சில்லை ஒரு ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டங் டங் என்றால் இரும்பு. பொத் என்றால் பெயின்ற்தான் நிற்கிறது. ஸ்டாண்ட் வைக்கும் இடமும் அந்தச் சில்தான், ஆகவே வேலை தொடங்க முதல் பாருங்கள்.

---

தலைக்குமேல்_வானம்

மூன்று பேருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு வாரமும் மழை.

முதலில் முகர்ந்தேன், கந்தக வாடை இல்லை. அப்புறம் கழுவி, பவுடர் அடித்து, நியூபரி வரை போய்வந்தேன். வெள்ளைப் பவுடரில் சென்சாருக்குக் கீழிருந்து ஒரு கருப்புக் கோடு, யாரோ கண்மை போட்டுவிட்டு அழுதது போல நேராக இறங்கியிருந்தது. டேப்பட் கவர் பின்மூலையில் லேசான ஈரம், கோடு இல்லை.

கீறுவதற்கு ஆணி கிடைக்கவில்லை, மனைவியின் நகப்பூச்சால் கோடு போட்டேன். (சிவப்பு. காருக்குப் பொருத்தம்தான் என்றாள். பாட்டிலைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறாள்.) போல்ட் சுலபமாக வந்தது. சென்சார் வரவில்லை. அண்ணா சொன்ன முப்பத்தைந்து நிமிடம் எனக்கு ஒன்றேகால் மணி நேரமாயிற்று. ஃபயர்வாலில் புறங்கை உரசித் தோல் போனது. வந்தபோது "ப்ளக்" என்று ஒரு சத்தம், கூடவே ஒரு ஸ்பூன் ஆயில். ஓ-ரிங்கை எடுத்து வளைத்துப் பார்த்தேன், பழைய வளையல் மாதிரி பட்டென்று மூன்று துண்டாக உடைந்தது. வெளிப்பக்கம் உருண்டையாகவே இல்லை, தட்டையாகச் சதுரமாக இருந்தது.

புதியதைப் போட்டு ஒன்பது நாள் ஆயிற்று. வாசலில் வைத்த அட்டைப் பெட்டித் துண்டு சுத்தமாக இருக்கிறது, ஒரே ஒரு சொட்டு தவிர, அது பழையது வடிவதா டேப்பட் கவரா என்று பார்க்க வேண்டும். ஓ-ரிங், பவுடர், கிளீனர் எல்லாம் சேர்த்து 19 பவுண்டு. கோடு சரியாக ஒத்துப்போகிறது, ஆனாலும் அண்ணாவின் ஸ்ட்ரோப் லைட்டுக்கு ஒரு சனிக்கிழமை வருகிறேன், தேநீருக்கும்தான்.

டர்போ நண்பனிடம் ரிங் கியர் கணக்கைச் சொன்னேன். "அப்போ டிஃபரன்ஷியலையும் மாற்றிவிடலாம்" என்கிறான்.

சில்லையும் தட்டிப் பார்த்தேன். வலதுபக்கம் டங். இடதுபக்கம் பொத் என்று கூடக் கேட்கவில்லை, ஸ்க்ரூட்ரைவர் பிடி உள்ளேயே போய்விட்டது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், அதற்குத் தனியாக இன்று ராத்திரி கேட்கிறேன். யாருக்காவது வெல்டிங் தெரியுமா?