கூடுதுறை சொந்தபந்தம் (வாட்ஸ்அப் குரூப்): குமாரபாளையத்துல காவேரித் தண்ணி வடிஞ்ச பொறவு

*சனிக்கிழமை*

பெரியம்மா (பெருந்துறை) 6:12
செல்வி, தண்ணி வடிஞ்சுதா கண்ணு? ரவைக்கெல்லாம் எனக்கு ஒரே வெசனம். போன் பண்ணுனா சுவிட்ச் ஆஃப்னே வருது.

செல்வி 7:40
வடிஞ்சுது பெரியம்மா. கரண்ட் இன்னும் வரல, மேல் தெருவுல ஒரு ஊட்டு இன்வெர்ட்டர்ல சார்ஜ் போட்டுட்டு இருக்கறேன். முகாம்ல இருந்து நேத்துப் பொழுதோட வந்துட்டோம். ஆசாரத்துல சேறு கணுக்கால் வரைக்கும் நிக்குது. பீரோவோட கீழ்த்தட்டு பிளைவுட் எல்லாம் ஊதிப் போச்சு.

செல்வி 7:43
[போட்டோ] [போட்டோ] [போட்டோ]

திவ்யா (கோவை) 7:51
ஐயோ அக்கா, சுவத்துல தண்ணி நின்ன கோடு சுவிட்ச் போர்டுக்கு மேல தெரியுது. மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?

பழனிசாமி மச்சான் 8:05
பண்ணியாச்சும்மா. தறிப்பட்டறைல தான் அடி. ஓடிட்டிருந்த பாவு பூராவும் சேத்துல ஊறிருச்சு. மோட்டார் எல்லாத்தையும் கழட்டிக் காயில் கட்டோணும். மேட்டூர் 120 அடி ரொம்புன அன்னைக்கே நூலையாச்சும் மாடிக்கு ஏத்துனேன், அது தப்பிச்சுது.

முருகேசு (திருப்பூர்) 8:20
↪ பலமுறை பகிரப்பட்டது
*முக்கிய அறிவிப்பு!!! வெள்ளத்தில் பாதித்த அனைவரும் 6 மாதம் இ.எம்.ஐ. கட்டத் தேவையில்லை. ரிசர்வ் வங்கி அதிரடி உத்தரவு. அனைவருக்கும் பகிரவும்* 🙏🙏

முருகேசு (திருப்பூர்) 8:20
செல்வியக்கா இது உங்களுக்குத் தான். வெசனத்தை உடுங்க.

செல்வி 8:26
நெசமாவா தம்பி? ஊட்டு லோனுக்கு 5ஆந்தேதி 17,995 புடிப்பாங்க. அக்கவுண்ட்ல ஆறாயிரம் கூட இல்ல. நேத்திருந்து எனக்கு அதே நெனப்பு தான். இது நெசம்னா மொதல்ல தறியைப் பாத்துக்கலாம்.

ராசு மாமா (கோபி) 8:41
அம்மிணி, அதை நம்பிப் பணத்தை வேற செலவுக்கு எடுத்துறாத.
மாப்ள, இதை எங்கிருந்து புடிச்ச? கொரோனா வந்தப்ப 2020 மார்ச் 27ல ரிசர்வ் பேங்க் மொதல்ல மூணு மாசத்துக்கு அறிவிச்சுது, அப்பறம் ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டுச்சு. மொத்தம் ஆறு மாசம், நாடு பூராவுக்கும். வெள்ளத்துக்கு அந்த மாதிரி ஒரேயடியா யாரும் அறிவிக்க மாட்டாங்க. இது பழைய சரக்கு, மேல புது லேபிள் ஒட்டிருக்கறாங்க.

முருகேசு (திருப்பூர்) 8:44
எங்க அசோசியேஷன் குரூப்ல வந்துச்சுங் மாமா. சரி, டெலீட் பண்ணிர்றேன்.

பெரியம்மா (பெருந்துறை) 8:46
அப்ப சலுகையே கெடையாதா ராசு? ஊடே சேத்துல நிக்குது, பேங்க்காரனுக்குக் கண்ணு தெரியாதா?

ராசு மாமா (கோபி) 9:15
கெடையாதுன்னு சொல்லலீங்கக்கா. தானா வராது, கேட்டு வாங்கோணும். முப்பது வருசம் பேங்க் சீட்டுல உக்காந்தவன் சொல்றேன், கேட்டுக்குங்க.

இயற்கைப் பேரிடர்ல பேங்க் என்ன பண்ணோணும்னு ரிசர்வ் பேங்க் விதியே வெச்சிருக்குது. வெள்ளம், புயல், நிலச்சரிவு, நெலநடுக்கம் எல்லாம் அதுல வருது. ஆனா அதுல பாதிக்கு மேல பயிர்க்கடன் பத்தித் தான். 2018 விதில, விளைச்சல்ல 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம்னா கடனை மாத்தி எழுதலாம்னு அதுக்குத் தெளிவா அளவு போட்டிருந்தாங்க. வீட்டுக்கடனுக்கு அப்படி அளவு கெடையாது, ஆளுக்குத் தகுந்தாப்ல பேங்க்கே பாத்து முடிவு பண்ணிக்கும். மாவட்டத்துல பேங்க்காரங்க கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுப்பாங்க, அப்பறம் தான் கிளைக்கு வரும். அதுக்குள்ள உன்ற தவணைத் தேதி வந்துரும்.

அதனால கூட்டம் எப்பன்னு பாத்துட்டு இருக்காத. திங்கக்கிழமை காலைல நேராக் கிளைக்குப் போ. தேதி தாண்டறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்தவங்களையும், அக்கவுண்ட்ல பணமில்லாம தவணை பவுன்ஸ் ஆன பொறவு ஓடி வர்றவங்களையும் மேனேஜர் ஒரே மாதிரி பாக்க மாட்டாரு.

செல்வி 9:22
பவுன்ஸ் ஆனா என்னாகும் மாமா?

ராசு மாமா (கோபி) 9:34
உன்ற அக்கவுண்ட் இருக்கற பேங்க்கும் சார்ஜ் போடும், லோன் குடுத்தவங்களும் போடுவாங்க. சிபில்ல, அதான் நம்ம கடன் வரலாறு பதியற எடத்துல, ஏறும். ஒரு நாள் தாண்டுனாலே கணக்குல தனியாக் குறி வெப்பாங்க, 90 நாள் தாண்டுனா வாராக்கடன். அதுக்கப்பறம், அடமானச் சொத்தைப் பேங்க் எடுக்கறதுக்குன்னு இருக்கற சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ். ஒரு மாசத்துல வீட்டுக்கு வந்து சீல் வெச்சுருவாங்கன்னு எவனாச்சும் மெரட்டுனா நம்பாத. அதுக்காக அசால்ட்டாவும் இருக்காத.

முருகேசு (திருப்பூர்) 9:40
அக்கா, ஈரோடு கலெக்டர் ஆபீஸ்ல நிவாரணத்துக்கு மனு வாங்கறாங்களாம், போயி குடுத்துருங்க.

பழனிசாமி மச்சான் 9:42
முருகேசு, நாங்க ஆத்துக்கு இக்கட்ட. பவானி தான் ஈரோடு ஜில்லா, குமாரபாளையம் நாமக்கல்லு. பாலத்தைத் தாண்டுனா வேற கலெக்டரு.

முருகேசு (திருப்பூர்) 9:43
😐

திவ்யா (கோவை) 10:30
மாமா சொல்றது செரி. ஆனா தவணையைத் தள்ளி வெச்சா எவ்வளவு ஆகும்னு யாருமே கணக்கு போடறதில்ல. இப்பப் போட்டுப் பாத்தேன்.

அக்கா, உங்க லோன் 20 லட்சம், 9 சதவீதம், 20 வருசம். போன மாசம் தான் தவணையே ஆரம்பிச்சுது, அதனால மொதல் மாசத்துல இருந்தே வெச்சுக்கறேன். 17,995ல 15,000 வெறும் வட்டி, அசல்ல கழியறது மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி.

ஆறு மாசம் ஒண்ணுமே கட்டலைன்னா அந்த வட்டி அசல்ல சேந்து கடன் கிட்டத்தட்ட 20,91,700 ஆயிரும். அப்பறம் அதே 17,995 கட்டுனா 240 தவணைல முடிய வேண்டியது 275 ஆகும்.

செல்வி 10:33
ஆறு மாசம் உட்டா ஆறு மாசம் தானே நீளும்?

திவ்யா (கோவை) 10:34
இல்லக்கா, 35 தவணை சேந்து கட்டோணும். ஆறு லட்சத்துக்கு மேல. மூணு மாசம் தள்ளுனா 16 தவணை.

பெரியம்மா (பெருந்துறை) 10:36
இதென்ன அநியாயம்டி.

ராசு மாமா (கோபி) 10:50
அநியாயம் தான், ஆனா ஒளிவு மறைவில்லாத அநியாயம். லோன் ஆரம்பத்துல தள்ளுனா தான் இத்தனை அடி. கடைசி ரெண்டு மூணு வருசத்துல இருக்கறவங்களுக்கு இந்தளவு வராது. அம்மிணிக்கு இப்பத் தான் ஆரம்பம்.

நான் சொல்றது: முழுசா நிறுத்தாதீங்க. மூணு மாசத்துக்கு வட்டியை மட்டும் கட்டறோம்னு கேளுங்க. 15,000. அசல் அப்படியே நிக்கும், கடன் ஏறாது, மூணு மாசம் மட்டும் நீளும். மேனேஜருக்கும் இதை மேல எழுதி அனுப்பறது லேசு. முழுத் தள்ளிவைப்புன்னா மேலிடத்துல ஆயிரம் கேள்வி.

கார்த்தி (ஹூஸ்டன்) 11:05
அக்கா இப்பத் தான் பாக்கறேன், இங்க நடுராத்திரி. மச்சானும் நீங்களும் நல்லா இருக்கீங்கல்ல, அது போதும்.

இங்க 2017ல ஹார்வி புயல் வந்தப்ப பாதி ஊரு தண்ணிக்குள்ள. இந்த நாட்டுல ஜனாதிபதி பெரும் பேரிடர்னு அறிவிச்சுட்டா, அரசு உத்தரவாதம் குடுக்கற எஃப்.எச்.ஏ. வீட்டுக்கடன்காரங்க வீட்டை 90 நாளைக்கு ஜப்திக்குக் கொண்டு போக முடியாது. பேங்க்குககிட்ட இருந்து வீட்டுக்கடனை வாங்கி வெச்சுக்கற ஃபேனி மே, ஃப்ரெடி மேக் கைல இருக்கற லோனா இருந்தா 12 மாசம் வரைக்கும் தவணையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேக்கலாம். அதுக்கப்பறம் விட்டுப்போன தவணைகளைத் தூக்கி லோனோட கடைசில வெச்சுக்கலாம், அந்தத் தொகைக்குத் தனியா வட்டி போட மாட்டாங்க. இங்கயும் நாமளா கூப்பிட்டுக் கேட்டாத் தான், சும்மா கட்டாம உட்டா லேட் தான்.

ராசு மாமா (கோபி) 11:12
கடைசில வெச்சு வட்டி போடாம உடறாங்கன்னியே மாப்ள, அது தான் இங்க இல்ல. நம்மூர்ல வட்டி தூங்காது.

கார்த்தி (ஹூஸ்டன்) 11:15
ஆனா மாமா, இங்க வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளம் சேராது. அதுக்குத் தனிப் பாலிசி, எடுத்து 30 நாள் கழிச்சுத் தான் அமலுக்கே வரும். அக்கா, உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?

செல்வி 11:31
லோன் போட்டப்ப நாப்பதாயிரத்துக்கு ஏதோ இன்சூரன்ஸ்னு சேத்துட்டாங்க. இருங்க, ஃபைல் மாடில தான் இருக்குது.

செல்வி 11:48
[போட்டோ]

திவ்யா (கோவை) 11:55
அக்கா இது ஊட்டுக்கு இல்ல. இது மச்சானுக்கு எடுத்த ஆயுள் காப்பீடு. அவருக்கு ஏதாச்சும் ஆனா லோனை அடைக்கறது.

பெரியம்மா (பெருந்துறை) 11:56
சிவ சிவா. நல்ல நாளும் அதுவுமா அதைப் பேசாதீங்க.

பழனிசாமி மச்சான் 11:58
நான் நல்லாத் தான் இருக்கறேன், தறி தான் இல்ல 😂

திவ்யா (கோவை) 12:01
பாதிப் பேரு இந்தப் பாலிசியை ஊட்டு இன்சூரன்ஸ்னே நெனச்சுட்டு இருப்பாங்க. ஃபைல்ல வேற ஏதாச்சும் இருக்குதான்னு பாருங்க. "பாரத் கிருஹ ரக்ஷா"ன்னு எழுதிருக்கும்.

செல்வி 12:20
இருக்குது!! பச்சைக் கவருக்குள்ள மடிச்சு வெச்சிருக்கறாங்க. கட்டடம் 15 லட்சம்னு போட்டிருக்குது. [போட்டோ]

திவ்யா (கோவை) 12:34
அப்பாடா. இது 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் குடுக்கற ஒரே மாதிரிப் பாலிசி. வெள்ளம் இதுக்குள்ளயே வருது, தனியா எடுக்கத் தேவையில்ல. கட்டடத் தொகைல 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும், ஊட்டுச் சாமானுக்கும் தானா சேரும். உங்களுக்கு மூணு லட்சம் வரைக்கும். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் எழுதுங்க. தறியும் பாவும் இதுல வராது, அது தொழில் கணக்கு.

சேறு அள்றதை இப்பவே நிறுத்துங்க! இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றதுக்குள்ள கழுவி உட்டா எதை வெச்சுக் கேப்பீங்க?

செல்வி 12:37
சமையக்கட்டு கழுவிட்டேன் 😭 காலைல எடுத்த போட்டோ இருக்குது.

ராசு மாமா (கோபி) 12:45
போதும். அந்தச் சுவத்துக் கோட்டை மட்டும் அழிச்சுறாத, பக்கத்துல டேப்பு வெச்சு ஒரு போட்டோ எடு. லோன் இருக்கறதால கட்டடத்துக்கு வர்ற பணம் பேங்க் பேர்ல தான் போகும். அதை அசல்ல கழிக்காம ரிப்பேருக்கு உடச் சொல்லி அதே லெட்டர்ல கேட்டுரு.

இன்னொண்ணு. அரசு நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ.கிட்டச் சொல்லி வை. 2022-26 மத்திய விதில சமவெளில முழுசாப் போன ஊட்டுக்கு 1,20,000னு இருந்துச்சு. தார்சு வீடு 15 சதவீதமாச்சும் சேதமானா 6,500. துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. கம்மி தான், ஆனா அந்தச் சான்று பேங்க்குக்கும் ஆகும். நிவாரணம் வர்ற அக்கவுண்ட் நம்பரா லோன் புடிக்கற அக்கவுண்டைக் குடுத்துறாத. 2024 ஜூலை 30 வயநாட்டுல, முண்டக்கை சூரல்மலை சரிஞ்ச பொறவு, அரசு போட்ட உதவிப் பணத்துல இருந்தே தவணையைப் புடிச்சுட்டாங்க. பெரிய ரகளையாகி அப்பறம் திருப்பிக் குடுத்தாங்க. கேரளா பேங்க் அங்க கடனையே தள்ளுபடி பண்ணுச்சு. அது எல்லா ஊர்லயும் நடக்காது.

*திங்கட்கிழமை*

செல்வி 12:10
போயிட்டு வந்தேன் மாமா. மேனேஜர் நல்ல மனுசன், ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சு டீயெல்லாம் சொன்னாரு. "பாத்துக்கலாம்மா, கவலைப்படாதீங்க"ன்னாரு.

ராசு மாமா (கோபி) 12:12
லெட்டர் குடுத்தியா?

செல்வி 12:13
கைல வெச்சிருந்தேன். அவரே பாத்துக்கலாம்னு சொன்னப்ப எப்படி நீட்டறதுன்னு…

ராசு மாமா (கோபி) 12:14
திரும்பிப் போ. இப்பவே. அந்த "பாத்துக்கலாம்"ங்கறதை நானே எத்தனை பேர்கிட்டச் சொல்லிருப்பேன்னு எனக்குத் தான் தெரியும். ரெண்டு காப்பி எடு, ஒண்ணுல சீலும் தேதியும் வாங்கு. எழுத்துல குடுத்து 30 நாள்ல பதில் இல்லைன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஒம்புட்ஸ்மேனுக்குப் போலாம், 14448ல கேட்டா வழி சொல்லுவாங்க. வாயால சொன்னதுக்கு எங்கயும் போக முடியாது.

பழனிசாமி மச்சான் 12:20
நான் கூட்டிட்டுப் போறனுங் மாமா.

செல்வி 3:25
குடுத்தாச்சு. மூணு மாசம் வட்டி மட்டும்னு ரீஜனல் ஆபீஸுக்கு அனுப்பறாராம். பதில் வர்றதுக்குள்ள 5ஆந்தேதி வந்தா முழுத் தவணையும் மிசினு புடிச்சுரும், அதை நிறுத்த முடியாதுன்னுட்டாரு.

கார்த்தி (ஹூஸ்டன்) 6:40
இந்த மாசத் தவணையை நான் போட்டு உடறேன்க்கா. பவுன்ஸ் மட்டும் ஆக உடாதீங்க. திருப்பிக் குடுக்கறதைப் பத்தி மச்சான் தீவாளிக்கு முன்னாடி வாயத் தொறக்கக் கூடாது.

முருகேசு (திருப்பூர்) 6:52
மச்சான், மோட்டார் காயில் கட்டறதுக்கு இங்க நம்ம ஆளு இருக்கறாரு. புதன்கிழமை வண்டி அனுப்பறேன், கழட்டி வைங்க. இது ஃபார்வேர்டு இல்லைங்க, நானே சொல்றது.

செல்வி 7:05
[போட்டோ]
சீல் வெச்ச காப்பி.

ராசு மாமா (கோபி) 7:09
சீல் இருக்குது. கையெழுத்து எங்க அம்மிணி?

செல்வி 7:10
மாமா!!