கருப்பட்டி ஆர்டரும் நள்ளிரவு மென்ஷனும்: குறும்பதிவு கொண்டுவந்த மனிதர்கள்

உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரி:

ட்விட்டர் (இப்போது எக்ஸ்), த்ரெட்ஸ், புளூஸ்கை, எதில் எழுதினாலும் சரி. இரண்டு மூன்று வரிக் குறும்பதிவு எழுதியதால் தொழிலிலோ வீட்டிலோ உங்களுக்கு வந்து சேர்ந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கருப்பட்டி வியாபாரம். சரக்குப் பிடிப்பதைவிட நம்பிக்கை பிடிப்பதுதான் இதில் கஷ்டம். சீனி கலந்த கருப்பட்டி குறைந்த விலைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. சென்னையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து எது அசல், எது கலப்படம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். ஆனாலும் 'சுத்தமான கருப்பட்டி' என்ற வரி எல்லாப் பொட்டலத்திலும்தான் இருக்கிறது. அதையே நானும் எழுதினால் என்னை யார் நம்புவார்கள்?

அதனால் விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசையில்) அன்றன்றைக்கு நடப்பதை எழுத ஆரம்பித்தேன். பதநீர் இறங்கும் மாதங்களில் தினமும் இரண்டு வரி. "ராத்திரி மழை, கலயத்தில் தண்ணீர் விழுந்துவிட்டது. இன்று காய்ச்சவில்லை." "பொங்கி வருகிறது, ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டாச்சு." "பதம் வந்தாச்சு, சிரட்டையில் ஊற்றுகிறோம்." கூடவே போனில் எடுத்த ஒரு படம்.

கேள்விகள் வர ஆரம்பித்தன. கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்று சொன்னேன். ஆமணக்கு எதற்கு என்று இன்னொருவர். பொங்கி வழியாமல் அடங்குவதற்கு. விலை ஏன் இவ்வளவு என்று கேட்டவருக்கு மட்டும் நாலைந்து பதிவு தொடர்ச்சியாகப் போட்டேன். ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும், ஒரே மரத்தில் ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஏற வேண்டும், விறகு வேண்டும், அடுப்படியில் மணிக்கணக்கில் கிண்ட ஆள் வேண்டும். அந்தத் தொடரைப் பலர் பகிர்ந்தார்கள். அப்புறம் பேரம் பேசுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

நான் சொல்ல வந்த மனிதர் கும்பகோணத்தில் காபிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. ஒருநாள் டிஎம்மில் (தனிச்செய்தியில்), "தம்பி, கருப்பட்டிக் காபிக்கு மாதாமாதம் சரக்கு வேண்டும்" என்று எழுதினார். அதுவரை அவர் என் பதிவு எதற்கும் லைக் போட்டதில்லை, ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ஆனால் இரண்டு சீசனாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். எதைப் பார்த்து என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன். "மழைக்காலத்தில் 'புதுக் கருப்பட்டி இல்லை, பரணில் இருக்கும் பழையதுதான் இருக்கிறது' என்று எழுதினீர்களே, அதைப் பார்த்துத்தான். வருஷம் முழுக்கப் புதுக் கருப்பட்டி விற்கிறவரை எப்படி நம்புவது?" என்றார். சரக்கு இல்லை என்று எழுதிய பதிவுதான் எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய ஆர்டரைக் கொண்டுவந்தது. லைக் எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளர்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். வாங்கப்போகிறவர் பெரும்பாலும் சத்தமில்லாமல் படிக்கிறவர்.

இன்னொன்று. ஒரு மழைக்காலத்தில் கூரியரில் போன பார்சல் நனைந்து, கருப்பட்டி இளகிப்போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் படத்தோடு பொதுவில் எழுதிவிட்டார். நான் டிஎம்முக்குக் கூப்பிடாமல் அவர் பதிவுக்குக் கீழேயே, வேறு சரக்கு இன்று கிளம்புகிறது என்று பதில் போட்டேன். அதைப் படித்த சிவகாசிக்காரர் ஒருவர் டிஎம்மில் வந்தார். பேக்கிங் தொழிலில் இருப்பவர், முன்பின் தெரியாது. பட்டர் பேப்பரில் ஒவ்வொரு வட்டாகச் சுற்றி, ஓலைப்பெட்டியில் அடுக்கி, வெளியே காற்றுப் புகாத உறை போடச் சொன்னார். எந்த கனத்தில் உறை வாங்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்பதுவரை எழுதினார். இன்றுவரை அந்த முறையில்தான் அனுப்புகிறேன். காசு வாங்காமல் தொழில் நுணுக்கம் சொல்லித்தர ஒரு சிவகாசிக்காரரை எனக்கு வேறு எது தேடிக் கொடுத்திருக்கும்?

கோவை, பம்ப்செட் கம்பெனியில் சமூக ஊடக வேலை பார்ப்பவர்:

அண்ணாச்சி, அந்த 'சரக்கு இல்லை' பதிவு எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டியது.

குறும்பதிவால் வியாபாரமா என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பழைய உதாரணங்கள் இரண்டு உண்டு. 2009-இல் டெல் கணினிக் கம்பெனி ட்விட்டரில் வைத்திருந்த தன் அவுட்லெட் (தள்ளுபடி விற்பனை) கணக்கு வழியாக 30 லட்சம் டாலருக்கு மேல் விற்றதாக அறிவித்தது. அதே ஆண்டு முடிவதற்குள் ட்விட்டர் மூலம் வந்த மொத்த விற்பனை 65 லட்சம் டாலர் என்றார்கள். இன்னொன்று லாஸ் ஏஞ்சலிஸில் 2008 கடைசியில் ஆரம்பித்த கோகி என்ற உணவு வண்டி. கொரிய இறைச்சியை மெக்சிகோவின் டாக்கோ என்ற மடித்த ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இன்று ராத்திரி வண்டி எந்தத் தெருவில் நிற்கும் என்பதை ட்விட்டரில்தான் சொன்னார்கள். அதைப் பார்த்து ஜனங்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

டெல் கதையைவிடக் கோகி கதை எனக்கு முக்கியம். டெல் தள்ளுபடியைச் சொல்லி விற்றது, அது எந்த விளம்பரத்திலும் முடியும். கோகி சொன்னது அந்த நேரத்துக்கு மட்டும் உயிருள்ள தகவல். நாளைக் காலையில் அதற்கு மதிப்பில்லை. குறும்பதிவு பிறந்ததே அந்த மாதிரித் தகவலுக்குத்தான். உங்கள் "இன்று காய்ச்சவில்லை" அதே வகை.

என் வேலையில் எழுதுவது கொஞ்சம்தான், தேடுவதுதான் அதிகம். தினமும் காலையில் தேடல் பெட்டியில் 'மோட்டார் காயில் போச்சு', 'மோட்டர் சூடாகுது', 'போர்ல தண்ணி ஏறல' என்று அடிப்பேன். விவசாயி எப்படிப் பேசுகிறாரோ, எழுத்துப்பிழை உட்பட அப்படியே. எங்கள் கம்பெனிப் பெயரைக்கூடச் சேர்க்க மாட்டேன், ஏனென்றால் கோபத்தில் எழுதுகிறவர் கம்பெனியை டேக் செய்வதில்லை. ஒருமுறை ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி நள்ளிரவில், கத்தரி காய்கிறது, மோட்டார் ஓடவில்லை என்று எழுதியிருந்தார். அவருடையது வேறு கம்பெனி மோட்டார். வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது, கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று கேட்டேன். கெப்பாசிட்டர்தான் போயிருந்தது. காலையில் மாற்றிவிட்டார். அவர் எங்களிடம் மோட்டார் வாங்கினாரா என்று என் மேலாளர் கேட்டார். இல்லை. ஆனால் அவர் ஊரில் யாருக்கு மோட்டார் மக்கர் செய்தாலும் என்னை டேக் செய்து எழுதுகிறார். அந்த ஊரில் எங்களுக்கு டீலரே கிடையாது. இருந்தும் எங்கள் பெயர் அங்கே புழங்குகிறது.

மடிப்பாக்கம், வங்கி ஊழியர்:

எனக்கு வியாபாரம் இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றி எழுதுகிறேன்.

டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் மட்டும் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் மாடியில் மின்சாரம் இல்லை, பேசுவதற்குச் சிக்னல் நிற்கவில்லை. நெட் மட்டும் அவ்வப்போது வந்து போனது. படம் ஏறாது, வீடியோ ஓடாது. ஆனால் இரண்டு வரி போய்விடும். அந்த இரண்டு வரிதான் அன்றைக்கு வேலை செய்தது.

முடிச்சூரில் இருந்த என் பெரியம்மாவுக்காக எழுதினேன். தெரு, அடையாளத்துக்குப் பக்கத்துக் கோயில், எத்தனை பேர், வயது, இன்சுலின் தேவை, எழுதிய நேரம். 'சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்' ஹேஷ்டேக் போட்டு அனுப்பினேன். பெங்களூரில் இருந்த ஒரு பெண் அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் சென்னைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரைப் போல நிறையப் பேர் வெளியூர்களில் உட்கார்ந்து, வருகிற வேண்டுகோளையெல்லாம் கூகுள் ஷீட்டில் ஏற்றி, ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மீட்கப்பட்டவர்களின் பழைய பதிவுகள் திரும்பத் திரும்ப ஆர்டி (மறுபகிர்வு) ஆகிச் சுற்றியதுதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. படகு அங்கே போய்ப் பார்த்தால் வீடு காலி. அதனால் காப்பாற்றியாச்சு என்று தெரிந்ததும் பழைய பதிவை நீக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். நீங்கள் யாராவது இனிமேல் உதவி கேட்டு எழுதினால் தேதியும் நேரமும் போடுங்கள், உதவி வந்ததும் நீக்கிவிடுங்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன்.

பெரியம்மாவை மறுநாள் மதியம் மீனவர்கள் படகில் இறக்கினார்கள். பெங்களூர்ப் பெண் என்னிடம் இரண்டே வார்த்தை எழுதினார்: "ஷீட்டில் பச்சையாக்கிட்டேன்." நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது அதற்கு ரொம்ப நாள் கழித்து. இப்போது அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான், பெரியம்மா அவளுக்கு வளைகாப்பே செய்துவைத்தார்.

2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தபோது, தமிழ்நாடு அரசின் கட்டளை மையமே 104 மருத்துவ உதவி எண்ணுக்கான ட்விட்டர் கணக்கில் வேண்டுகோளை வாங்கிக்கொண்டது. 'பெட்ஸ் ஃபார் டிஎன்' என்று ஹேஷ்டேக் போட வேண்டும். 2015-இல் பொதுமக்கள் தாங்களாகச் செய்து காட்டிய வேலையை அரசு எடுத்துச் செய்தது. எனக்கு அது மிகவும் நிறைவாக இருந்தது.

மெல்போர்ன், இரண்டு குழந்தைகளின் அம்மா:

மடிப்பாக்கம் அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. என்னுடையது சின்ன விஷயம்.

முதல் குழந்தை பிறந்தபோது இங்கே எனக்கு யாரும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் தமிழில் எழுதுவேன். இங்கே அந்த நேரம் என்றால் ஊரில் இரவு சாப்பாட்டு நேரம், எல்லோரும் டிஎல்லில் (டைம்லைனில்) இருப்பார்கள். அப்போது ஒரு ட்வீட்டுக்கு 140 எழுத்துதான். தமிழுக்கு அது இன்னும் குறைவு, புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'வணக்கம்' என்று எழுதினாலே 7 போய்விடும். 2017 நவம்பரில் 280 ஆக்கினார்கள். ஆனால் அந்த 140-இல் எழுதிப் பழகியவர்கள் ஒரு வார்த்தையையும் வீணாக்க மாட்டார்கள், இன்றும் அவர்கள் பதிவு தனியாகத் தெரியும்.

"குழந்தை ரெண்டு நாளா வெளிக்குப் போகல, பயமா இருக்கு" என்று ஒருநாள் எழுதினேன். விருதுநகரில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பதில் போட்டார். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு அப்படி இருப்பது உண்டு, வயிறு கல்லாகிறதா, வாந்தி எடுக்கிறதா, பால் குடிக்க மறுக்கிறதா என்று பாரும்மா, அப்படி ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் போ என்றார். மறுநாள் அவராகவே "போச்சா?" என்று கேட்டார். என் அம்மாகூட அந்த நேரத்தில் கூப்பிடவில்லை, அவர் கேட்டார்.

ஒரு கவலையும் உண்டு. அப்போது கூடப் பேசியவர்களில் பாதிப் பேரை இப்போது கண்ணில் காணோம். நாம் பின்தொடர்கிறவர்கள் எழுதுவதைத்தான் முதலில் காட்டும் என்ற நிலை மாறி, யாரோ முன்பின் தெரியாதவர் போட்ட சண்டைதான் முன்னால் வந்து நிற்கிறது. கூ என்ற இந்தியக் குறும்பதிவுச் செயலியில் ஒரு நல்ல தமிழ்க் கூட்டம் சேர்ந்தது, 2024 ஜூலையில் அதையே மூடிவிட்டார்கள். செவிலியர் அம்மாவின் போன் எண்ணை முன்பே வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். நெருங்கியவர்களின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி, உங்கள் வாடிக்கையாளர்களுடையதையும் சேர்த்துத்தான்.

திண்டுக்கல், தையல் கடை:

எல்லாம் படித்தேன். எனக்கும் எழுத ஆசை. ஆனால் தினமும் ரவிக்கை தைக்கிறேன், இதில் எழுத என்ன இருக்கிறது? கோவைக்காரர் சொல்லுங்களேன்.

கோவை, பம்ப்செட் கம்பெனி:

நிறைய இருக்கிறது அக்கா. அளவு ரவிக்கை கொடுக்கும்போது ஜனங்கள் எதில் தப்பு செய்கிறார்கள்? பழைய ரவிக்கை சுருங்கியிருப்பதைக் கவனிக்காமல் கொடுப்பார்களே, அதை எழுதுங்கள். லைனிங் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துத் தைக்கிறீர்களா? அதை ஒரு படத்தோடு போடுங்கள். கேள்வி கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். தீபாவளி நெருங்கும்போது எந்தத் தேதியோடு ஆர்டரை நிறுத்துகிறீர்கள் என்பதை ஒரு மாதம் முன்பே எழுதுங்கள், நிறுத்திய அன்றைக்கு "நிறுத்தியாச்சு" என்றும் எழுதுங்கள். ஆரி வேலை (ஊசியால் செய்யும் பூவேலை) உண்டா?

திண்டுக்கல், தையல் கடை:

உண்டு தம்பி. கல்யாண ரவிக்கை ஒன்று இப்போது ஆரிக் கட்டையில்தான் (துணியை இழுத்து மாட்டும் சட்டத்தில்) மாட்டியிருக்கிறது. கழுத்துப் பக்கம் பாதி முடிந்திருக்கிறது, படம் எடுத்துப் போடுகிறேன்.