வீட்டில் பிரஷர் 126, டாக்டரிடம் 154: அப்பா மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார்

மகள்_64:
அப்பாவுக்கு 64 வயது. பிரஷருக்குத் தினமும் காலையில் அம்லோடிபைன் 5 மி.கி. மாத்திரை போடுகிறார். வீட்டு மெஷினில் ஒருநாள் 126/78, மறுநாள் 148/90. டாக்டரிடம் போனால் 154. "அதான் நார்மலுக்கு வந்துடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? காலும் இதனாலதான் வீங்குது" என்கிறார். சாயங்காலமானால் ரெண்டு கணுக்காலிலும் சாக்ஸ் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. எந்த அளவை நம்புவது? அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஓய்வுபெற்ற செவிலியர்:
மாத்திரை போடுவதால்தான்மா அந்த 126. அம்லோடிபைன் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். அதனால் நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது. "நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொன்னவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். பிரஷர் ஏறினால் தலை சுற்றும், வலிக்கும் என்று காத்திருக்கவே கூடாது. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

அளவு ஏன் இப்படி மாறுகிறது என்பதற்கு, அப்பா எப்படி உட்கார்ந்து பார்க்கிறார் என்று கவனி. கை தொங்கிக்கொண்டிருந்தால் அளவு கூடும். பேசிக்கொண்டே பார்த்தாலும், கால் மேல் கால் போட்டாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் கூடும். காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொல். முழங்கையை மேஜையில் வைத்தால், கையில் சுற்றும் மெஷின் பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும். சட்டைக்கு மேலே சுற்றாதே. கைக்குப் பட்டை சின்னதாக இருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும்.

காலையில் மாத்திரைக்கு முன் ரெண்டு முறை, ராத்திரி ரெண்டு முறை, நடுவில் ஒரு நிமிஷம் விட்டுப் பார். ஒரு வாரம் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு சராசரி எடு. வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது உயர்வுதான். ஒற்றை எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

நடைப்பிரியன்:
கால் வீக்கம் எனக்கும் வந்தது. அந்த மருந்தில் அது தெரிந்த விஷயம்தான். டாக்டரிடம் சொன்னேன், மருந்தை மாற்றித் தந்தார், வடிந்துவிட்டது. நாமாக நிறுத்த வேண்டியதே இல்லை. ஒன்று கேட்கிறேன்: அப்பா வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாரா?

மகள்_64:
முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக். வலி வந்தால் அவரே போட்டுக்கொள்வார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
நிறையவே உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து பிரஷரை ஏற்றும். வீக்கத்தையும் கூட்டும். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துப் போ. வீக்கம் எதனால் என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். உப்பு, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். சாதா உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதே. சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தாலும் ஆபத்து.

180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் வந்தால் மறுபடி அளந்துகொண்டு நிற்காதே, உடனே ஆஸ்பத்திரி.

மகள்_64:
ரொம்ப நன்றிம்மா. வலி மாத்திரை அட்டையை வாங்கி என் பையில் வைத்துவிட்டேன். நாளை காலையிலிருந்து எழுத ஆரம்பிக்கிறோம்.