மேற்குத் தோட்டம் குழுவில் ஒரு ட்ரெய்லர் பஞ்சாயத்து

வியாழன்

நான்: எல்லோருக்கும் ஒரு சேதி. பையன்கள் இரண்டு பேருக்கும் டர்ட் பைக் வாங்கியாச்சு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் ஓட்டுகிற சைட்-பை-சைடு வண்டி போன வருடமே வாங்கியது. வருகிற ஏப்ரலில் டாலஸிலிருந்து யூட்டா மாநிலத்து மோவாப் வரை போகலாம் என்று இருக்கிறேன். அதற்கு ஒரு டாய் ஹாலர் பார்த்து வைத்திருக்கிறேன்.

நான்: (படம்)

அம்மா: இது என்ன சாமி, வீடா லாரியா?

நான்: இரண்டும்தான் அம்மா. முன்பக்கம் படுக்கை, அடுப்பு, பாத்ரூம். பின்பக்கம் கராஜ். பின்சுவர் அப்படியே கீழே சாய்ந்து பலகை மாதிரி ஆகிவிடும், வண்டியை ஓட்டியே உள்ளே ஏற்றலாம்.

அம்மா: ஆட்டுப்பட்டிக்குள்ளேயே கட்டிலைப் போட்ட மாதிரி.

அக்கா (பீனிக்ஸ்): அம்மா!

அம்மணி (என் மனைவி): அத்தை சொல்வதுதான் சரி. இரண்டு வாரமாக இதைத்தான் நானும் சொல்கிறேன்.

சித்தப்பா (நாமக்கல்): எத்தனை டன்?

நான்: சித்தப்பா, இது ஃபிஃப்த் வீல் மாடல். ஜி.வி.டபிள்யூ.ஆர், அதாவது லோடோடு சேர்த்து மொத்த எடை வரம்பு, 16,000 பவுண்டு. காலியாக 12,500.

சித்தப்பா: பவுண்டு எல்லாம் வேண்டாம் கண்ணு. கிலோவில் சொல்லு.

நான்: முழு லோடில் 7.26 டன்னுங்க.

சித்தப்பா: ஃபிஃப்த் வீல் என்றால் நம்ம ட்ரெய்லர் மாதிரியேதானே? கீழே கிங் பின் என்கிற முளை, அது குதிரை, அதாவது முன்னால் இழுக்கிற வண்டி மேலே உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும்?

நான்: அதேதாங்க. டிரக்கின் பின்தொட்டியில், பின் ஆக்சிலுக்கு மேலே பூட்டு.

சித்தப்பா: சரி. குதிரை எது?

நான்: ஃபோர்டு எஃப்-250 டீசல். 6.7 லிட்டர். பழையதுதான், நல்ல நிலையில் இருக்கிறது. விற்பவர் 'இருபதாயிரம் பவுண்டுகூட இழுக்கும்' என்கிறார். இங்கே இதை முக்கால் டன் டிரக் என்பார்கள்.

சித்தப்பா: முக்கால் டன் வண்டி ஏழே கால் டன்னை இழுக்கப் போகிறதா?

நான்: அது பழைய காலத்துப் பேர் சித்தப்பா. இப்போது அதற்கு அர்த்தம் இல்லை.

சித்தப்பா: இழுப்பதை யார் கேட்டது. மாடு கூடத்தான் இழுக்கும். மேலே எவ்வளவு தாங்கும் என்று கேள். கிங் பின்னில் இறங்குகிற எடை எவ்வளவு?

மச்சான் (பீனிக்ஸ்): சித்தப்பா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். ஃபிஃப்த் வீலில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பின்னில் இறங்கும் மாப்பிள்ளை. உன் ட்ரெய்லருக்கு 3,400 பவுண்டு என்று வை. டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்த்து இந்த எடைக்கு மேல் ஏற்றக்கூடாது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்தாயா?

நான்: இல்லைங்க மச்சான். விளம்பரத்தில் இழுவை எடை மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

மச்சான்: அதைத்தான் போடுவார்கள். டீசல் எஃப்-250 நிறைய வண்டிகளில் அந்த ஸ்டிக்கரில் 2,300 பவுண்டு வாக்கில்தான் இருக்கும். டீசல் இன்ஜினே கனம். வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்று நின்றுவிட்டால், இன்ஜின் எடை கூடக்கூட லோடு குறையும். நாலு டோர், தோல் சீட், சன்ரூஃப் என்று சேர்க்கச் சேர்க்க இன்னும் குறையும். பேஸ் மாடல் கூடுதலாகத் தாங்கும், டாப் மாடல் குறைவாகத் தாங்கும்.

மச்சான்: 2,300இல் உங்கள் நாலு பேருக்கும் பைகளுக்கும் 600 கழி. டிரக்கில் பொருத்துகிற பூட்டு, ஹிட்ச், அது மட்டுமே 170 வரும். மீதி 1,530. இறங்கப் போவதோ 3,400.

சித்தப்பா: கிலோ.

மச்சான்: இருப்பது 690 கிலோ. வேண்டியது 1,540 கிலோங்க.

சித்தப்பா: பாதிகூட இல்லை. அப்புறம் என்ன பேச்சு.

நான்: ஏர் பேக் சஸ்பென்ஷன் போட்டால் பின்பக்கம் தாழாது என்கிறார் விற்பவர்.

சித்தப்பா: சங்ககிரியில் ஸ்பிரிங் பட்டை இரண்டு சேர்த்துப் போட்டு ஓட்டுகிறவன் எல்லோரையும் எனக்குத் தெரியும். வண்டி தாழாது, பார்க்க அழகாக நிற்கும். ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடை மாறுமா? ஆக்சில் மாறுமா? டயர் மாறுமா?

அம்மா: உங்க சித்தப்பா காலையில் இன்னும் காப்பி குடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கோபம்.

வெள்ளி

நான்: ராத்திரி தூங்கவில்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டிரக்கை எஃப்-350 ட்யூவலி ஆக்குவது. பின்னால் நாலு டயர். பெரிய ட்ரெய்லர் அப்படியே இருக்கலாம். இரண்டு, ட்ரெய்லரைச் சின்னதாக்குவது. பம்பருக்குப் பின்னால் இரும்புப் பந்தில் மாட்டி இழுக்கிற வகை, 10,000 பவுண்டு.

மச்சான்: ட்யூவலி என்றால் லைசென்ஸ் விஷயம் தெரியுமா? டெக்சஸில் இரண்டும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, ட்ரெய்லர் 10,000க்கு மேல் இருந்தால் கிளாஸ் ஏ வேண்டும். வணிக லைசென்ஸ் இல்லை, சொந்த உபயோகத்துக்கானது. ட்யூவலி 14,000, ட்ரெய்லர் 16,000. நீ எழுத்துத் தேர்வும் ஓட்டித் தேர்வும் கொடுக்க வேண்டும்.

அம்மணி: தினமும் ஆபீசுக்கு அந்த நாலு டயர் வண்டியிலா போவீர்கள்? நம் பார்க்கிங்கில் என் கார் எங்கே நிற்கும்?

அக்கா: சின்னது போதும் தம்பி. வருடத்தில் இரண்டு தரம் போவதற்கு இவ்வளவா?

மச்சான்: சின்னதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் பட்டதைச் சொல்கிறேன். பந்தில் மாட்டுகிற ட்ரெய்லரில் 10 முதல் 15 சதவீதம் எடை பந்தில் இறங்க வேண்டும். குறைந்தால் வால் ஆடும். டாய் ஹாலரில் கராஜின் பெரும்பகுதி ட்ரெய்லர் ஆக்சிலுக்குப் பின்னால்தான். வண்டியை ஏற்றினால் பின்பக்கம் கனத்து முன்பக்கம் தூக்கும். அதனால் காலியாக இருக்கும்போது முன்பக்கம் அதிகக் கனமாக இருக்கும்படியே கட்டுகிறார்கள்.

மச்சான்: மூன்று வருடம் முன்பு கிளாமிஸ் மணல்மேட்டிலிருந்து திரும்பும்போது ஐஸ் பெட்டி, கூடாரம் எல்லாவற்றையும் கராஜில் முன்னால் அடுக்கிவிட்டு, சைட்-பை-சைடைக் கடைசியில் கதவை ஒட்டி நிறுத்தினேன். முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி காலி. ஐ-8 நெடுஞ்சாலையில் 70 மைல் வேகம். ஒரு பெரிய லாரி பக்கத்தில் கடந்தது. அவ்வளவுதான், ட்ரெய்லர் பாம்பு மாதிரி வளைய ஆரம்பித்தது.

அக்கா: அன்றைக்கு நான் கத்தின கத்து இன்னும் அவர் காதில் இருக்கும்.

சித்தப்பா: பிரேக் அடித்தீர்களா மாப்பிள்ளை?

மச்சான்: இல்லைங்க. டேஷ்போர்டில் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறது, அதில் கையால் அழுத்துகிற நெம்புகோல் உண்டு. டிரக் பிரேக்கைத் தொடாமல் அதை மட்டும் அழுத்தினேன். ட்ரெய்லர் பின்னால் இழுத்துப் பிடித்து நேரானது. ஸ்டீயரிங்கைத் திருப்பியிருந்தால் கவிழ்ந்திருப்போம். அடுத்த டிரக் ஸ்டாப்பில் எடை போட்டுப் பார்த்தேன். பந்தில் 7 சதவீதம்தான்.

சித்தப்பா: அங்கேயும் எடை மேடை இருக்கிறதா?

மச்சான்: பெரிய டிரக் ஸ்டாப் எல்லாவற்றிலும் இருக்கிறதுங்க. முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் மூன்றுக்கும் தனித்தனிப் பலகை. சீட்டு வந்துவிடும். டிரக்கை மட்டும் ஒருமுறை, ட்ரெய்லர் மாட்டி ஒருமுறை போட்டால் பந்தில் எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கு வந்துவிடும்.

சித்தப்பா: அப்படியானால் கண்ணு, சாமான், பைக், தண்ணீர், ஆள் எல்லாம் ஏற்றிய பிறகு எடுத்த சீட்டு எனக்கு வேண்டும். காலி ட்ரெய்லர் சீட்டு வேண்டாம்.

நான்: சரிங்க சித்தப்பா. சின்ன ட்ரெய்லர் கணக்கு: காலியாக 7,000, வரம்பு 10,000. மீதி 3,000. சைட்-பை-சைடு 1,500, பைக் இரண்டும் 500. தண்ணீர்த் தொட்டி 100 கேலன்.

மச்சான்: தண்ணீர் மட்டும் 834 பவுண்டு. ஜெனரேட்டர் பெட்ரோல், சாப்பாடு, நாற்காலி எல்லாம் சேர்த்தால் தாண்டிவிடுவாய். தண்ணீரை மோவாப் பக்கத்தில் போய் நிரப்பு. வழியில் பாத்ரூமுக்கு இருபது கேலன் போதும். ஆனால் தொட்டி முன்பக்கமா, ஆக்சில் மேலா, பின்னாலா என்று பார்த்துவிட்டு முடிவு செய். நான் தொட்டியை மறந்துதான் வால் ஆட்டினேன்.

அம்மணி: என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பெட்ரோல் ஊற்றிய பைக் நிற்கிற அறையிலேயே பையன்கள் படுப்பார்களா?

மச்சான்: அது நியாயமான கேள்விதான்மா. சின்ன மாடல் நிறையவற்றில் நடுவே சுவர் கிடையாது. கூரையிலிருந்து கட்டில் இறங்கும். வண்டிகளை வெளியே இறக்கிவிட்டு, பின்கதவையும் ஜன்னலையும் திறந்து காற்றாட விட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும்.

அம்மணி: வழியில் தங்குகிற ராத்திரி? ரோட்டோரம் வண்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் தூங்குவதா?

மச்சான்: ...

அக்கா: பதில் இல்லை பார்.

சனி

நான்: முதல் டிரக்கைப் பார்க்க வந்திருக்கிறேன். கதவு ஸ்டிக்கர்:

நான்: (படம்)

மச்சான்: 1,984 பவுண்டு. டாப் மாடலா?

நான்: சன்ரூஃப், ஆட்டோ படிக்கட்டு எல்லாம் இருக்கிறது. விற்பவர் மறுபடியும் ஏர் பேக் என்று ஆரம்பிக்கிறார்.

சித்தப்பா: கதவைச் சாத்து. கிளம்பு.

நான்: அடுத்த இடம். எஃப்-350, ட்யூவலி இல்லை, பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம், பெட்ரோல் 7.3 லிட்டர், பேஸ் மாடல். ஸ்டிக்கரில் 3,900.

சித்தப்பா: 1,770 கிலோ. இது வண்டி. ஆனால் பெட்ரோலா?

மச்சான்: வாங்குகிற விலையும் சர்வீஸ் செலவும் டீசலை விடக் குறைவுங்க. மேட்டில்தான் கொஞ்சம் திணறும். அல்புகர்க்கியே 5,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத இன்ஜின் உயரத்தில் மூச்சு வாங்கும்.

சித்தப்பா: ஏறுவது பெரிதில்லை, மெதுவாக ஏறட்டும். இறக்கம் எப்படி?

நான்: மான்டிசெல்லோ 7,000 அடி, மோவாப் 4,000 அடி. நடுவில் 55 மைல்தான்.

சித்தப்பா: தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்கியவர்கள் கதை உனக்குத் தெரியும். ஏறின கியரிலேயே இறங்கு. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதே, விட்டு விட்டுப் பிடி.

நான்: டீசலில் இன்ஜினே வேகத்தைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும். இதில் ட்ரெய்லர் இழுப்பதற்கான டோ மோடு போட்டால் கியரைத் தானாகக் குறைக்கும், அவ்வளவுதான்.

சித்தப்பா: பத்தாயிரம் பவுண்டுக்கு அது போதும். ட்ரெய்லர் டயர் எந்த வருடம்?

நான்: அந்தச் சின்ன ட்ரெய்லரின் டயர்ப் பக்கச் சுவரில் கடைசி நாலு எண் 1419.

சித்தப்பா: 2019இல் 14வது வாரம். மாற்றச் சொல்லு. விலையில் கழிக்கச் சொல்லு. மாற்றாமல் பாலைவனத்தில் ஓட்டாதே.

மச்சான்: வேகம் 65ஐத் தாண்டாதே. ஒரு நாளைக்கு 350 மைல் போதும். முதல் நாள் அமரில்லோ, இரண்டாம் நாள் அல்புகர்க்கி, மூன்றாம் நாள் மோவாப். அதற்கு முன்னால் ஒக்லஹோமாவில் வேநோக்கா பக்கம் லிட்டில் சஹாரா மணல்மேட்டுக்கு ஒரு தரம் போய்ப் பழகிக்கொள். ஏதாவது உடைந்தால் வீட்டுப் பக்கத்திலேயே உடையட்டும்.

அம்மணி: சரி, நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அமரில்லோவிலும் அல்புகர்க்கியிலும் ராத்திரி மோட்டலில் அறை போட வேண்டும். பைக் உள்ளே இருக்கும்போது பையன்கள் அங்கே படுக்க மாட்டார்கள்.

நான்: சம்மதம்.

அம்மா: வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய் லாட்ஜில் ரூம் போடுவீர்களா?

மச்சான்: முதல் வருடம் நாங்களும் அதைத்தான் செய்தோம் அத்தை.